வெயில் மேடம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. முப்பத்தோரு வருடமாக ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருப்பவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். நான் சொல்லப்போவது என் மனைவி பிரிசில்லாவைப் பற்றி. என் தங்கை சவுரியம்மாளைப் பற்றியும்தான். இரண்டு பேரையும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

பிரிசில்லா ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. காற்று, ஈரம், வெப்பம், இதுதான் அவள் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் தெருவில் ஜுரத்தோடு வந்து கதவு தட்டியவர்களும் உண்டு. "இந்த டாக்டர் ஊசி போடற டாக்டர் இல்லம்மா" என்று சொல்லி அனுப்புவது என் வேலை. எங்கள் மொட்டை மாடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு மரப்பெட்டி நிற்கிறது. காற்று புகும், வெயில் புகாது. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழில் ஈரமான மல் துணி சுற்றியிருக்கும். அந்தத் துணியை நனைத்து வைப்பதும் என் வேலைதான்.

சும்மா தொங்குவது நாற்பதைக் காட்டினால் ஊரே "ஐயோ, நாப்பது" என்று அலறும். பிரிசில்லா அதை ஒரு பொருட்டாகவே பார்க்க மாட்டாள். ஈரத்துணி என்ன காட்டுகிறது என்று பார்ப்பாள். அது முப்பதைத் தொட்டுவிட்டால் வெயிலில் வேலை செய்கிறவன் உடம்பு வியர்த்தும் பயனில்லை, காற்றில் இருக்கிற ஈரம் வியர்வையைக் காயவிடாது, சூடு உள்ளேயே தங்கி ஆளை அடித்துவிடும் என்பாள். இதைக் கல்யாணமான மூன்றாம் நாள் எனக்கு விளக்கினாள். புது மாப்பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் கேட்டுக்கொண்டேன். அன்றையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சவுரி என்னைவிட ஒன்பது வயது சின்னவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். ஒரே மகள், பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். மேல்விஷாரத்தைத் தாண்டி ஆபித் பாஷா என்பவருக்குத் தோல் காயவைக்கிற மைதானம் ஒன்று இருக்கிறது. சவுரிக்கு அங்கேதான் வேலை. தோலை மெஷினில் இரண்டாகப் பிளப்பார்கள். மேலடுக்கு ஷூவுக்குப் போகும். கீழடுக்குக்கு ஸ்பிளிட் என்று பெயர், அது கிளவுஸுக்கும் மலிவு சாமானுக்கும் போகும். நல்ல தோலை யாரும் நேர் வெயிலில் போட மாட்டார்கள், விறைத்துவிடும். ஸ்பிளிட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. ஈரமாக வந்து இறங்கும். மைதானத்தில் விரிக்க வேண்டும், மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும், சாயங்காலம் பொறுக்கி அடுக்க வேண்டும். ரெண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடித்து நாறிப்போகும். அதனால் அந்த வேலைக்கு வெயில்தான் முதலாளி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் சவுரி அந்த மைதானத்தில் மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"நாளையில இருந்து நீ போவக் கூடாது. எங்க வூட்ல இரு."

"இருந்து? உன் காசுல உக்காந்து துன்றதுக்கா? எம் பொண்ணு ஃபீஸ எங்கொப்பனா கட்டுவாரு?"

"உங்கொப்பன்தான்டீ எனக்கும் அப்பன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பிரிசில்லா ஒரு முடிவு எடுத்தாள். சவுரி மாதிரி ஆட்களை மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெயிலிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு ஊருக்கு விஷயம் தெரிய வேண்டும். ஊர் இப்போது இருப்பது ஃபோனுக்குள். அதனால் ஃபோனுக்குள் போய்ச் சொல்வது என்று கிளம்பினாள். பேர் வைத்தாள், 'பாலாற்று வெயில்'. யூடியூபில் ஒன்று, வாட்ஸாப்பில் ஒன்று. கேமராமேன் நான்.

முதல் வீடியோ நாற்பத்திரண்டு நிமிஷம். கரியமில வாயு எப்படிப் பூமியைச் சூடாக்குகிறது என்று கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு விளக்கினாள். இருபத்தேழு பேர் பார்த்தார்கள். அதில் பதினோரு தடவை நான். கமெண்டில் ஒருத்தி, மேடம் சேலை ஆரணியா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தன் இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சதி என்று எழுதியிருந்தான். அவனுக்கு நான் எழுதிய பதிலைப் பிரிசில்லா பார்த்துவிட்டு உடனே அழிக்கச் சொன்னாள்.

"திட்டாதீங்க. அவங்களுக்குத் தெரியல. தெரிஞ்சா மாறுவாங்க."

இதுதான் அவள் நம்பிக்கை. தெரிந்தால் மாறுவார்கள். காலையில் எழுந்து ஜெபம் பண்ணுகிற மாதிரி அதைச் சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். நாற்பத்திரண்டு நிமிஷம் பத்தாகி, பத்து நிமிஷம் மூன்றானது. கோடுகள் போயின, கரும்பலகை போனது. கடைசியில் ஒரே ஒரு படமும் நாலு வரியும் மிச்சம். நாளைக்கு எத்தனை டிகிரி, ஈரத்துணி எவ்வளவு, மேகம் உண்டா இல்லையா, பச்சையா மஞ்சளா சிவப்பா. சிவப்பு என்றால் மதியம் வெளியே நிற்காதே என்று அர்த்தம். தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போடுவாள். அவள் சொன்னது தப்பாது. எங்கள் மாடிப் பெட்டியின் கணக்கையும் வானிலைக் கணக்கையும் சேர்த்துப் பிசைந்து அவள் சொல்கிற வெயில், மறுநாள் அப்படியே வந்து நிற்கும்.

போன வருடக் கோடையில் திடீரென்று கூட்டம் சேர ஆரம்பித்தது. இருநூறு பேர் ஆயிரமானார்கள், ஆயிரம் நாலாயிரத்து முந்நூறானது. ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், திமிரி என்று எல்லாப் பக்கமும். சிவப்பு போடுகிற நாளில் கட்டைவிரலாகக் கொட்டும். பஸ்ஸில் ஒருத்தர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்து, "வெயில் மேடம்தானே நீங்க?" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னாள். அன்றைக்கு ராத்திரி சோற்றில் உப்பு போட மறந்துவிட்டாள். நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

உண்மை தெரிந்தது இந்த வருடம் ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சவுரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரிசில்லா அடுப்படியில் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். சவுரி மாங்காயை நறுக்கியபடி சொன்னாள்.

"அண்ணி, நீங்க செவப்பு போட்டா எங்களுக்கெல்லாம் திருவிழாதான் போ."

"இன்னாடி சொல்ற?"

"நெசமாத்தான். நீங்க செவப்பு போட்டீங்கன்னா மேகம் கெடையாது, மழ கெடையாதுன்னு ஆபித் பாய்க்கு தைரியம் வந்துரும். அன்னிக்கு ரெண்டு லோடு எறக்குவாரு. எங்களுக்கு டபுள் வேல, டபுள் கூலி. நாந்தான் உங்க மெசேஜ எங்க குரூப்ல போடுவேன், எங்க அண்ணி சொன்னதுன்னு. மொத மொத அவருக்கு காட்டினதே நாந்தான். இப்ப அந்த லைன்ல இருக்கற அத்தன மைதானமும் உங்களத்தான் பாக்குது. வெயில் மேடம் சொன்னா வெயில் வருதுன்னு அப்டி ஒரு பேரு."

பிரிசில்லா கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மாடிப்படி ஏறிப் போனாள். மணி பன்னிரண்டரை, காலில் செருப்பு இல்லை. சவுரி என்னைப் பார்த்து, "நா இன்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டாள். "மாங்காய நறுக்கு" என்றேன்.

அந்த வாரம் முழுக்கப் பிரிசில்லா ஃபோனும் கையுமாக உட்கார்ந்து, தன்னைத் தொடர்கிறவர்களில் கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். ஸ்பிளிட் மைதானம். திமிரிப் பக்கம் செங்கல் சூளை. அப்பளம் போடுகிற பெண்கள். மிளகாய் காயவைக்கிற வியாபாரி. ஷாமியானா காண்ட்ராக்டர் ஒருத்தர், கான்கிரீட் போடுகிற மேஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள். அவள் எந்த நாளில் ஆட்களை உள்ளே அனுப்பு என்று சொன்னாளோ, அந்த நாளைப் பார்த்து ஆட்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவள் சரியாகச் சொல்லச் சொல்ல, சரியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

நூற்றுப் பத்துப் பேரோடு பேசி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நம்பாதவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளா மண்டையை ஒடச்சிக்கிட்டேன். இவங்க எல்லாரும் நம்பறாங்க. நான் சொல்ற ஒவ்வொரு நம்பரையும் நம்பறாங்க. இதுக்கு மேல என்ன சொல்றதுங்க?"

அந்த நூற்றுப் பத்துப் பேரையும் நடுரோட்டில் நிற்கவைத்துத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது?

இரண்டு பேருமாக ஆபித் பாஷாவைப் பார்க்கப் போனோம். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அந்த மனுஷன் வாசலுக்கே ஓடி வந்தார். நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார். சர்பத் வந்தது.

"மேடம், உங்க மெசேஜ் வந்தப்புறம் எனக்கு பேஜாரே இல்ல. முன்னல்லாம் வானத்த பாத்து பாத்து கழுத்து வலி. போன வருஷம் ஒரு பீஸ் கூட கெட்டுப்போவல. அல்லா உங்கள நல்லா வெக்கணும்."

பிரிசில்லா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். ஈரத்துணி, வியர்வை, உடம்புக்குள் தங்கும் சூடு. சிவப்பு நாளில் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஆட்களை நிழலில் உட்காரவைக்கும்படி கேட்டாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட் மேடம். நா இல்லன்னு சொல்லல. ஆனா அந்த நாலு மணி நேரம்தான் சரக்கு காயற நேரம். நா நிறுத்திட்டா பக்கத்து மைதானக்காரன் நிறுத்துவானா? ஆர்டர் அவன்கிட்ட போய்டும். அப்பறம் இந்த பொம்பளைங்க எல்லாம் அங்க போய் நிப்பாங்க. அதே வெயில்தானே மேடம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் மறுநாளே ஒரு பெரிய தார்பாய் வாங்கி மைதானத்து ஓரத்தில் பந்தல் போட்டார். தண்ணீர் டிரம் ஒன்று வைத்தார். ஃபோன் பண்ணிச் சொன்னார். சொல்லிவிட்டு, "மேடம், ஒரு ஹெல்ப். இந்த செவப்ப ரெண்டு நாள் முன்னாடியே சொல்ல முடியுமா? லோடு புக் பண்ண வசதி" என்றார்.

பிரிசில்லா போடுவதை நிறுத்தினாள். ஒன்பது நாள் ஒன்றும் போடவில்லை. பத்தாம் நாள் அமிர்திப் பக்கத்திலிருந்து ஒரு அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டாள். "மேடம், உங்க செவப்ப காட்டித்தான் பசங்கள மதியம் வெளிய வுடாம வெச்சிருந்தேன். இப்ப கேட்டா, மேடமே ஒண்ணும் போடலியேன்னு பெரியவங்க சொல்றாங்க" என்று அழுதாள். அந்த ஒரு டீச்சருக்காக மறுபடி போட ஆரம்பித்தாள். மைதானங்களும் மறுபடி பார்க்க ஆரம்பித்தன.

மே மாதம் இரண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடீரென்று ஒரு மழை அடித்தது. ஊரே குளிர்ந்தது என்று ஆளாளுக்குப் பூரித்தார்கள். பிரிசில்லா மட்டும் பூரிக்கவில்லை. புதன்கிழமை மதியம் மரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவள் முகத்தில் ரத்தம் இல்லை. மண்ணெல்லாம் ஈரம், மேலே கொதிக்கிற வெயில். ஈரத்துணி இருபத்தொன்பதரை.

"நாளைக்கும் நாளன்னைக்கும் முப்பதைத் தாண்டும். இருபத்தேழு வருஷமா நான் இந்த ஊர்ல இப்படிப் பாத்ததில்ல. சவுரியைப் போவ வேணாம்னு சொல்லுங்க."

ஃபோன் போட்டேன். சவுரி, "நா ஒருத்தி போவாம நின்னா சரக்கு யார் பொரட்டுவா, அஃப்ரோஸ் தனியா இன்னா பண்ணுவா?" என்றாள். அஃப்ரோஸ் அவளோடு ஜோடியாக வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஏற்கெனவே முதுகுவலி. நான் கத்தினேன். சவுரி ஃபோனை வைத்துவிட்டாள்.

மணி ஆறேகால். பிரிசில்லா சிவப்புப் படத்தைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போட்டால் நாளைக்கு ரெண்டு லோடு இறங்கும். போடாவிட்டால், வானம் தெளிவாக இருக்கிறது, எப்படியும் ஒரு லோடு இறங்கும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"மழன்னு போட்டுத் தொலை" என்றேன்.

"என்ன?"

"நாளைக்கு இடி மழைன்னு போடு. உன் பேச்சக் கேட்டுத்தானே லோடு எறக்கறானுங்க? உன் பேச்சக் கேட்டே எறக்காம இருக்கட்டும். மூடிட்டு எல்லாரும் வூட்ல கெடக்கட்டும்."

"நான் இதுவரைக்கும் ஒரு தசமப் புள்ளியைக்கூட மாத்தி எழுதினதில்லங்க."

"உன் தசமப் புள்ளி பெருசா, என் தங்கச்சி பெருசா?"

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் சிவப்புப் படத்தை அழித்தாள். பிறகு தட்டினாள். 'வியாழன் நண்பகல் முதல் இடியுடன் கனமழை. எந்தப் பொருளையும் வெளியே காயப்போட வேண்டாம்.' ஃபோனை என்னிடம் நீட்டி, "நீங்களே அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன்.

வியாழக்கிழமை மைதானம் மூடிக் கிடந்தது. புதன்கிழமை சாயங்காலமே ஈரமாக வந்திறங்கிய சரக்கைப் பந்தலுக்குள் ஏற்றிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சவுரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் கூலி போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள். ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து மூன்று மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். நான் அன்றைக்கு லீவு. இரண்டரைக்குப் பிரிசில்லா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முப்பது புள்ளி ரெண்டு" என்று என் காதில் சொன்னாள். அப்புறம் சவுரி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் அவள் படிப்பு ஒரு ஆளையாவது காப்பாற்றி நான் பார்த்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

ஒரு துளி விழவில்லை. நாலு மணிக்கே திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பளம் போடுகிறவள், மேஸ்திரி, சூளைக்காரன், ஒருத்தர் பாக்கி இல்லை. காசு வாங்கிக்கொண்டு போட்டாயா என்று ஒருத்தன் கேட்டான். அதைவிடக் கேவலமாகவும் எழுதினார்கள், இங்கே சொல்ல மாட்டேன். சவுரி எழுந்து உட்கார்ந்து அதையெல்லாம் தன் ஃபோனில் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. "எங்க அண்ணிய இன்னா பேச்சு பேசறானுங்க பாரு" என்று பல்லைக் கடித்தாள். ஆபித் பாஷாவும் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை.

"மேடம், தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா சரக்கு ரெண்டு நாளா ஈரமா கெடக்குது, ஸ்மெல் வர ஆரம்பிச்சிடுச்சி. நாளைக்கு மழையா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கும் மழைன்னே போடு" என்றேன் நான், மெதுவாக.

"நாளைக்கும் பொய் சொன்னா, அதுக்கப்புறம் நான் நிஜத்தைச் சொன்னாலும் எவனும் பாக்க மாட்டான். அந்த அங்கன்வாடிப் பிள்ளைங்க என்ன ஆவும்?" என்றாள். அதோடு, அவளால் முடியவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பொய்யைத் தட்ட விரல் வரவில்லை. எதெதற்கோ கத்துகிறவன், கத்த வேண்டிய அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உண்மையை எழுதினாள். இதுவரை எழுதாத கடுமையோடு எழுதினாள். 'நாளை மழை இல்லை. உயிரைப் பறிக்கும் வெப்பம். காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை யாரும் வெயிலில் வேலை செய்யாதீர்கள். செய்தால் சாவு நிச்சயம்.' இத்தனை எழுதினாள். ஊர் முதல் மூன்று வார்த்தையைப் படித்தது.

சவுரி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நாளைக்கு மழ கெடையாதுதானே அண்ணி? உறுதியா?"

"மழை கிடையாது. ஆனா நீ போவாத சவுரி. உங்க அண்ணன் மேல ஆணை."

"ரெண்டு நாள் சரக்கு அண்ணி. எல்லாரும் வந்தாத்தான் ஆவும். பன்னெண்டு மணிக்கு பந்தலுக்குள்ள வந்து குந்திக்கிறேன். சத்தியமா."

எங்கள் கம்பெனியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு செக்யூரிட்டி வந்து என்னைக் கூப்பிட்டான். லாக்கரைத் திறந்தால் பிரிசில்லாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.

நடந்ததை அஃப்ரோஸ் சொன்னாள். மைதானம் முழுக்க, விளிம்பு வரைக்கும், ஸ்பிளிட் விரித்திருந்தார்கள். இரண்டு நாள் சரக்கு. விரிக்க இடமில்லாமல் மிச்சத்தைப் பந்தலுக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சவுரி சொன்னபடியே பந்தலுக்கு வந்திருக்கிறாள். உட்கார இடமில்லை. டிரம்மிலிருந்து ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்திருக்கிறாள். "இன்னும் ஒரே ஒரு தரம் பொரட்டிட்டு வந்துர்றேன்" என்று திரும்பிப் போயிருக்கிறாள். ஒரு மணிக்கு அஃப்ரோஸைத் தன் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அஃப்ரோஸ் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாளாம். அப்புறம் புரட்டக் குனிந்த சவுரி நிமிரவில்லை.

ஆபித் பாஷாதான் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் போகும்போது வராண்டாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவரை அடிக்க வேண்டும் என்றுதான் வண்டியில் வந்தேன். கை எழவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சவுரி போய்விட்டாள். பிரிசில்லா நர்ஸிடம் உடம்புச் சூடு எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றார்கள். சர்ட்டிபிகேட்டில் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரிசில்லா அதை வாங்கிப் படித்துவிட்டு, "வெயில்ங்கற வார்த்தையே இல்லங்க. வெயில்ல செத்தவங்க கணக்குல இவ வரவே மாட்டா" என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு பெரிய குரலில் அழுதாள். இருபத்தேழு வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அன்றைக்கும் வெயில் கொளுத்தியது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, சவுரியோடு வேலை பார்த்த ஒருத்தி பிரிசில்லாவின் கையைப் பிடித்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளன்னைக்கு எப்டி மேடம், வெயில் இருக்குமா?" என்றாள். அவள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். "இருக்கும்மா" என்றாள் பிரிசில்லா.

அதற்கப்புறம் அவள் எதுவும் போடவில்லை. மாடிக்குப் போகவில்லை. நானும் துணியை நனைக்கவில்லை, அது காய்ந்து மடமடவென்று கிடக்கிறது. என் மேல் அவள் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தொலைத்திருப்பேன். ஃபோனில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 'வெள்ளிக்கிழமை நீங்க சொன்னது பக்கா, மேடம்' என்று எழுதியிருக்கிறார்கள். 'மறுபடி எப்ப போடுவீங்க?' என்று கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அஃப்ரோஸ் வீட்டுக்கு வந்தாள். சவுரியின் ஃபோன் பந்தலுக்குள் அடுக்கின் மேல் கிடந்ததாம். கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். மகள் பெங்களூருக்குத் திரும்பும்போது கொடுக்கலாம் என்று சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் அவர்கள் மைதான குரூப்தான் திறந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குச் சவுரி குரல் பதிவு ஒன்று போட்டிருந்தாள். அழுத்திவிட்டேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எல்லாரும் சீக்கிரம் வாங்கடி. இன்னிக்கு மழ கெடையாது, எங்க அண்ணியே என்கிட்ட நேர்ல சொன்னாங்க. நேத்து ஏதோ ஒரு நாள் தப்பா போய்டுச்சி. அதுக்குன்னு அவங்கள யாரும் பேசக் கூடாது, சொல்லிட்டேன். அவங்க எவ்ளோ படிச்சவங்க தெரியுமா? பாருங்க, இன்னிக்கு நா மொத ஆளா வந்து நிக்கிறேன். அண்ணி சொன்ன மாதிரியே வெயில் அடிக்கும்."

அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் பிரிசில்லா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"இன்னொரு தரம் போடுங்க" என்றாள்.

போட்டேன்.